பல் கூச்சத்துக்குப் பேஸ்ட்: வாங்குவது முதல் பலன் தெரிவது வரை

இரண்டு கோடைக்கு முன்பு மண்பானைத் தண்ணீரைக்கூட என்னால் நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அதை அடுத்த இரண்டு பற்களிலும் தண்ணீர் பட்டால் சுருக்கென்று இழுக்கும். வலப்பக்கமாகவே மென்று, வலப்பக்கமாகவே குடித்துப் பழகிவிட்டேன். பல் கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டை வாங்கிப் பத்து நாள் தேய்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வேறொன்று வாங்கினேன், அதையும் பாதியில் விட்டேன். மூன்றாவது டியூப்பில்தான் கூச்சம் அடங்கியது. அந்த டியூப் ஒன்றும் உசத்தியில்லை. முதலில் வாங்கியதிலும் இதே மருந்துதான் இருந்தது. இடையில் ஒரு பல் டாக்டரைப் பார்த்து, தேய்க்கும் விதத்தையும் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் செய்துகொண்டிருந்தவற்றையும் மாற்றியிருந்தேன்.

இந்தப் பேஸ்ட்டுகள் சாதாரண பேஸ்ட்டைவிட நல்ல விலை. வாங்கிய பணத்துக்கு முழுப் பலன் கிடைக்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

பல் ஏன் கூசுகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானே விளங்கும். பல்லின் மேலோடான எனாமலில் நரம்பு கிடையாது. அதனடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதி முழுக்க நுண்ணிய குழாய்கள். ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டரை மைக்ரான் அகலம்தான். ஒரு தலைமுடியின் பருமனில் பல பத்துக் குழாய்களை அடுக்கிவிடலாம். குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது, உள்முனையில் நரம்பு. வெளிமுனை திறந்து கிடக்கும்போது குளிர்ந்த தண்ணீரோ காற்றோ பட்டால் அந்தத் திரவம் சட்டென்று நகர்கிறது. அந்த அசைவைத்தான் நரம்பு வலியாக உணர்கிறது. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ராம் சோதனைகளோடு நிறுவிய விளக்கம் இது. இன்றும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் இதைத்தான் ஏற்கிறார்கள்.

குழாய்களின் வாய் திறப்பது இரண்டு விதமாக நடக்கும். எனாமல் தேய்ந்தோ கரைந்தோ போகலாம். அல்லது ஈறு இறங்கி வேர் வெளியே தெரியலாம். வேரின் மேல் எனாமல் இல்லை, மெல்லிய பூச்சு ஒன்றுதான் உண்டு, அது சீக்கிரம் போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் வரும் கூச்சத்தில் இந்த ஈறு இறங்கிய கதைதான் அதிகம்.

ஆகவே பேஸ்ட் செய்யக்கூடிய வேலையும் இரண்டுதான்: குழாயின் வாயை அடைப்பது, அல்லது உள்ளே இருக்கும் நரம்பைச் சாந்தப்படுத்துவது.

படி 1: உங்களுக்கு இருப்பது கூச்சம்தானா?

டியூப் வாங்குவதற்கு முன்பு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை அடித்து, உதட்டை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். ஈறு தொடங்கும் இடத்தில் பல்லின் நிறம் மாறி, கொஞ்சம் மஞ்சளாக ஒரு பட்டை தெரிகிறதா? கையைக் கழுவிவிட்டு, நகத்தைப் பல்லின் நடுவிலிருந்து ஈறுவரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஆரோக்கியமான பல்லில் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு மூன்று பற்களில், ஈறுக்குச் சற்றுக் கீழே, நகம் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நின்றது. மரத்தில் அரம் வைத்து இழுத்ததுபோல ஒரு வெட்டு. நகம் பட்ட மாத்திரத்தில் கூசியது.

அப்புறம், காது குடையும் பட்ஸை ஐஸ் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு பல்லாகத் தொடுங்கள். எது எது கூசுகிறது, தொட்டதை எடுத்தபின் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கூச்சம் பளிச்சென்று வந்து, எடுத்த சில விநாடிகளில் போய்விடும்.

பின்வரும் எதுவும் இருந்தால் பேஸ்ட்டை நம்பி நாளைக் கடத்த வேண்டாம், நேராகப் பல் டாக்டரிடம் போங்கள். குளிரோ சூடோ பட்டுப் போனபின்னும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நிற்பது. சூடான காபிக்கு விண்விண்ணென்று தெறிப்பது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. ஒரே ஒரு பல்லில் மட்டும், கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் வரும் வலி. இது பல் விரிசலாக இருக்கலாம். கருப்பான குழி, பழைய ஃபில்லிங் பெயர்ந்த இடம், ஈறு வீக்கம், சீழ். சொத்தைப் பல்லின் மேல் கூச்சப் பேஸ்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் வலி கொஞ்சம் மட்டுப்படுவதுபோல இருக்கும், உள்ளே சொத்தை நரம்பைத் தொட்டுவிடும். ஃபில்லிங்கோடு முடிந்திருக்க வேண்டியது ரூட் கெனாலில் போய் நிற்கும்.

கிளீனிங் செய்த பிறகு சில நாள் கூசுவது இயல்பு. பயப்பட வேண்டியதில்லை.

படி 2: டியூப்பின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் விளம்பரம். பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் நமக்கு வேண்டும். டியூப்பின் அடியில் இருக்கும் பச்சை, நீல, கருப்புக் கட்டங்களை வைத்து இயற்கையா ரசாயனமா என்று கண்டுபிடிக்கலாம் என வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அது பொய். டியூப்பை எங்கே வெட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம் அது.

பொட்டாசியம் நைட்ரேட், 5 சதவீதம். நம் ஊரில் மிகப் பரவலாகக் கிடைப்பது. வெடியுப்பு என்கிறோமே, அதேதான். இது குழாயை அடைப்பதில்லை. பொட்டாசியம் உள்ளே ஊறிப்போய், நரம்பு மறுபடி மறுபடி சமிக்ஞை அனுப்புவதைத் தடுக்கிறது என்பது விளக்கம். குழாய்த் திரவம் வெளியே வரும் திசையை எதிர்த்து உள்ளே போக வேண்டியிருப்பதால் பலன் மெதுவாகத்தான் வரும். இரண்டு வாரத்துக்கு முன்பு எதிர்பார்க்காதீர்கள், நான்கு வாரம் கொடுங்கள். நிறுத்தினால் கூச்சம் திரும்பிவரவும் கூடும். இந்த மருந்துக்கான சான்றுகள் போதிய அளவு வலுவாக இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பு சொன்னது. அதனால் நான்கு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால், உங்கள் மேல் தப்பு என்று நினைக்காமல் அடுத்த வகைக்கு மாறுங்கள்.

கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட். வர்த்தகப் பெயர் நோவாமின். இது ஒருவகைக் கண்ணாடித் தூள். எச்சில் பட்டதும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் விட்டு, பல்லின் கனிமத்தைப் போன்ற ஒரு படலத்தைக் குழாய் வாய்களின் மேல் உண்டாக்குகிறது. இதன் மூலக் கண்ணாடியை அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் 1969-இல் உருவாக்கியது பல்லுக்காக அல்ல. வியட்நாம் போரில் கை கால் இழக்கும் சிப்பாய்களைப் பற்றி ஒரு ராணுவ அதிகாரி சொன்னதைக் கேட்டு, எலும்போடு ஒட்டும் பொருள் ஒன்றைத் தேடிப் போனார், இது கிடைத்தது. இன்று மெடிக்கல் ஷாப்பில் ஷை-என்எம், வான்டேஜ் என்ற பெயர்களில் வரும் பேஸ்ட்டுகளில் இருப்பது இதுதான். ஈறு இறங்கி வேர் தெரியும் கூச்சத்துக்கு என் கை முதலில் இதைத்தான் எடுக்கும்.

அர்ஜினின் 8 சதவீதமும் கால்சியம் கார்பனேட்டும். இரண்டும் சேர்ந்து குழாய் வாயை அடைக்கின்றன. விரலால் நேராகக் கூசும் இடத்தில் ஒரு நிமிடம் தேய்த்தால் உடனே ஓரளவு நிவாரணம் தெரியும் என்பது இதன் தனிச் சிறப்பு.

ஸ்டானஸ் ஃபுளோரைடு. இதுவும் அடைக்கும் வகை. ஈறு வீக்கத்துக்கும் சொத்தைக்கும் சேர்த்து உதவும். சிலருக்குப் பல்லில் லேசாகக் கறை படியும், கழுவினால் போகாது, கிளீனிங்கில் போய்விடும்.

ஸ்ட்ரான்ஷியம் உப்புதான் மூத்தது. 1961-இல் சென்சோடைன் முதன்முதலில் வந்தபோது அதில் இருந்தது ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு. இன்று அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே பிராண்டில் ஒரு டியூப்பில் ஒரு மருந்தும் இன்னொன்றில் வேறு மருந்தும் இருக்கும். நாட்டுக்கு நாடும் மாறும். சென்சோடைன் ரிப்பேர் அண்ட் புரொடெக்ட் என்ற அதே பெயரில் அமெரிக்காவில் ஸ்டானஸ் ஃபுளோரைடும் கனடாவில் நோவாமினும் விற்றிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கிவந்த டியூப் கேட்டது, அதே பெயரில் இங்கே வாங்கியது கேட்கவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஃபுளோரைடு அளவையும் பாருங்கள். இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு, வரைதான் அனுமதி, அளவைப் பெட்டியிலும் டியூப்பிலும் அச்சிட வேண்டும். பல வெளிநாடுகளில் 1450 வரை உண்டு. பெரியவர்களுக்கு ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டே நல்லது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பல்லில் பழுப்புக் கறை விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தப் பகுதிகளில் போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளில், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, எந்தப் பேஸ்ட் என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூச்சப் பேஸ்ட்டை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம்.

வெண்மையாக்கும் பேஸ்ட், கரித்தூள் பேஸ்ட், உப்பு, உமிக்கரி எல்லாவற்றையும் இந்தச் சமயத்தில் ஒதுக்கி வையுங்கள். உமிக்கரியில் சிலிகா மிகுதி. பாத்திரம் துலக்க அருமையான பொருள், திறந்துகிடக்கும் டென்டினுக்கு ஆகாது.

படி 3: பிரஷ்

மென்மையான நார் உள்ளதை, சாஃப்ட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பழைய பிரஷ்ஷை மேலிருந்து பாருங்கள்; மூன்று மாதத்துக்குள்ளாகவே நார்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து விரிந்திருந்தால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று பொருள். வீட்டில் எடை பார்க்கும் சின்னத் தராசு இருந்தால் அதன் மேல் வழக்கமாகத் தேய்ப்பதுபோல அழுத்திப் பாருங்கள். 200 கிராமைத் தாண்ட வேண்டாம். நான் முதல்முறை அழுத்தியபோது அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. முஷ்டியில் பிடிப்பதை விட்டுப் பேனா பிடிப்பதுபோல விரல்நுனியில் பிடித்தால் அழுத்தம் தானே குறையும்.

வலக்கையால் தேய்ப்பவர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல் அருகே தேய்மானம் கூடுதலாகத் தெரிவது வழக்கம். கை வீசித் தேய்க்கத் தோதான இடம் அது, பாவம்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்ன காலத்தில் குச்சியை மென்று பஞ்சாக்கிக்கொண்டு பல் பல்லாகத் துலக்கினார்கள். அதே குச்சியைக் குறுக்கே ரம்பம்போல இழுத்தால் அதுவும் பல்லின் கழுத்தை அறுக்கத்தான் செய்யும்.

படி 4: தேய்க்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள்

நம் வீடுகளில் பல் தேய்ப்பது எப்படி? பேஸ்ட்டைப் போட்டுத் தேய்த்து, நாக்கை வழித்து, தொண்டைவரை கரகரவென்று காறி, குழாயைத் திறந்து ஐந்தாறு வாய் தண்ணீர் கொப்பளித்துத் துப்பினால்தான் திருப்தி. பேஸ்ட்டில் இருக்கும் மருந்து அத்தனையும் அந்தக் கொப்பளிப்போடு வாஷ்பேசினில் போய்விடுகிறது. நான் முதல் இரண்டு டியூப்பை இப்படித்தான் கரைத்தேன்.

வரிசையை மாற்றினால் போதும். முதலில் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிடுங்கள், குளிர்காலமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில். நாக்கை வழிப்பது, காறுவது எல்லாம் அப்போதே முடியட்டும். கடைசியில் பிரஷ்ஷை எடுங்கள். நார்கள் ஈறும் பல்லும் சேரும் கோட்டைச் சாய்வாகத் தொடும்படி வைத்து, இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்னதாக ஆட்டி, பல்லின் நுனியை நோக்கி உருட்டுங்கள். முதலில் கூசும் பற்களிலிருந்து தொடங்குங்கள், பேஸ்ட் அப்போதுதான் கெட்டியாக இருக்கும். மொத்தம் இரண்டு நிமிடம். முடிந்ததும் நுரையை நன்றாகத் துப்புங்கள், அவ்வளவுதான். கொப்பளிக்க வேண்டாம். முதல் நான்கைந்து நாள் வாய் பிசுபிசுவென்று இருக்கும், அப்புறம் பழகிவிடும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமலும் குடிக்காமலும் இருந்தால் நல்லது; காலையில் காபிக்காகக் காத்திருப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

இரவில் தேய்ப்பதைத் தவறவிடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் மருந்து கழுவப்படாமல் நெடுநேரம் தங்கும்.

இரவு தேய்த்து முடித்ததும் நான் சேர்த்துக்கொண்ட ஒன்றையும் சொல்கிறேன். உதட்டைத் தூக்கி, கூசும் மூன்று பற்களையும் சுத்தமான துணி நுனியால் ஒற்றி எடுப்பேன். ஆள்காட்டி விரல் நுனியில் பயறளவு பேஸ்ட். அதைப் பல்லில் நகம் விழுந்த அந்தப் பள்ளத்தில் வைத்து, குழந்தைக்கு மருந்து தடவுவதுபோல ஒரு நிமிடம் மெல்ல வட்டமாகத் தேய்ப்பேன். மிச்சத்தைத் துப்பிவிட்டுப் படுத்துவிடுவேன். அர்ஜினின் பேஸ்ட்டுக்கு இது அதன் பயன்பாட்டு முறையிலேயே உண்டு, மற்ற வகைகளையும் இப்படித் தடவிக்கொள்ளப் பல டாக்டர்கள் சொல்கிறார்கள். விழுங்கக் கூடாது, அது மட்டும் கவனம்.

காலையில் வீட்டில் எல்லோரும் தேய்க்கும் பேஸ்ட், இரவில் மட்டும் கூச்சப் பேஸ்ட் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வேளையும் ஒன்றையே தேய்த்தால்தான் அது வேலை செய்கிறதா என்றே தெரியும்.

படி 5: புளிப்பு

என் விஷயத்தில் உண்மையான காரணம் இங்கேதான் இருந்தது. டாக்டரம்மா பல்லைப் பார்த்து முடித்துவிட்டுப் பேஸ்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“காலையில எழுந்ததும் என்ன குடிப்பீங்க சார்?”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, தேன் விட்டு, வெந்நீர்.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும். எடை குறையும்னு சொன்னாங்க.”

“குடிச்ச கையோட பல் தேய்ப்பீங்களா?”

ஆமாம் என்றேன். வாயில் புளிப்பு நிற்கிறதே என்று உடனே தேய்த்துவிடுவேன். அவர் கையில் இருந்த கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. வேர்ப்பகுதி அதற்கும் முன்பே, 6-ஐத் தாண்டிய நிலையிலேயே இளகத் தொடங்கிவிடும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில். கோலா பானங்களும் ஏறக்குறைய அதே அளவு. அமிலம் பட்டதும் பல்லின் மேற்பரப்பு கொஞ்ச நேரத்துக்கு மெத்தென்று ஆகிறது. எச்சிலில் உள்ள கால்சியம் அதை மறுபடி கெட்டிப்படுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் பிரஷ்ஷைப் போட்டால் மெத்தென்ற பகுதி அப்படியே வழித்துக்கொண்டு வரும். பேஸ்ட் கட்டிய படலமும் அதோடு போகும்.

ஆகவே, புளிப்பானது எதையும் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் பல் தேய்க்க வேண்டாம். வெறும் தண்ணீரில் கொப்பளித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை ஜூஸ், சோடா, கோலா எதையானாலும் வாயில் வைத்துச் சுவைத்துக் குடிக்காமல் ஸ்ட்ராவில் குடித்து முடித்துவிடுங்கள். மாங்காய், புளியங்காய், நெல்லிக்காயை நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டிருக்கும் பழக்கம்தான் அவற்றை ஒருமுறை சாப்பிடுவதைவிட அதிகம் கெடுக்கும். தயிரை ஒதுக்கத் தேவையில்லை. புளித்தாலும் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைய இருப்பதால் அது பல்லை அரிப்பதில்லை.

மசக்கையில் அடிக்கடி வாந்தி எடுக்கும் பெண்களும் நெஞ்செரிச்சலில் புளியேப்பம் வருபவர்களும் உடனே பல் தேய்க்க ஓடுவார்கள். அது வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள், பிறகு ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். வயிற்று அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையானது.

படி 6: கணக்கு எழுதுங்கள்

காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஐஸ் தண்ணீர், அதே பட்ஸ், அதே பற்கள். பத்துக்கு எத்தனை கூசுகிறது என்று ஒரு எண் போடுங்கள். கூச்சம் வெயில், சாப்பாடு, மனநிலைக்கு ஏற்பக் கூடிக் குறையும். ஞாபகத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். என் தாளில் முதல் வாரம் 8, இரண்டாவது வாரமும் 8. அந்த இடத்தில்தான் முன்பு இரண்டு முறை விட்டிருந்தேன். நான்காவது வாரம் 5, எட்டாவது வாரம் 2.

நான்கு வாரத்தில் எண் அசையவில்லையென்றால், நரம்பைச் சாந்தப்படுத்தும் வகையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அடைக்கும் வகைக்கு மாறுங்கள், அல்லது மறுதலையாக. பிராண்டை மட்டும் மாற்றி அதே மருந்தை வாங்குவதில் பயன் இல்லை. இரண்டாவது வகைக்கும் நான்கு வாரம் கொடுத்தபின் எண் அப்படியே நின்றால், அதற்கு மேல் பேஸ்ட்டில் செலவழிக்காதீர்கள்.

கிராம்புத் தைலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மரத்துப்போக வைக்கும், குழாயை அடைக்காது. அடிக்கடி வைத்தால் ஈறு வெந்துவிடும்.

படி 7: டாக்டரிடம் போகும்போது

பேஸ்ட்டுக்கு அடங்காத கூச்சத்துக்கு அவர்களிடம் வழி இருக்கிறது. 22,600 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள வார்னிஷைப் பல்லில் பூசுவார்கள், சில நிமிட வேலைதான். பள்ளம் ஆழமாக இருந்தால் பல்லின் நிறத்திலேயே ஃபில்லிங் வைத்து மூடிவிடுவார்கள். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு அதற்கான தகடு செய்து தருவார்கள். ஈறு மிகவும் இறங்கியிருந்தால் ஈறு ஒட்டும் அறுவைச் சிகிச்சை உண்டு. ரூட் கெனால் கடைசிப் படி. செலவுக்குத் தயங்குபவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். சென்னையில் இருப்பது 1953-இலிருந்து இயங்குகிறது.

போகும்போது மூன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: எண்கள் எழுதிய தாள், தேய்த்த பேஸ்ட்டின் டியூப், பழைய பிரஷ். எந்தப் பல், குளிரா சூடா இனிப்பா, எத்தனை விநாடி நிற்கிறது, எந்த மருந்தை எத்தனை வாரம் தேய்த்தீர்கள் என்று சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் என்ன குடிக்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.